அறுபதாவது வீட்டுக்கு ஆள் வந்த கதை

ஹெஸ்டர் லார்ட்டர் என்ற பெயரை நான் முதலில் கேட்டது, கல்யாணமாகி ஹெம்பிளிங்குக்கு வந்த மறுநாள் காலையில். வாசற்படியில் நான்கு பால் பாட்டில்கள் இருந்தன. அந்த வீட்டு வாடிக்கை மூன்று.

"ஒண்ணு தப்பா வெச்சுட்டுப் போயிட்டாங்க போலிருக்கும்மா" என்றேன் மாமியாரிடம்.

அவர் அடுப்பிலிருந்து திரும்பவே இல்லை. "ஹெஸ்டர் தப்பா வைக்க மாட்டா. நீ வந்திருக்கியே, உனக்குத்தான் அது."

என் மாமியாரும் ஹெஸ்டருடைய அம்மாவும் கூடப்பிறந்தவர்கள். அந்த வகையில் என் வீட்டுக்காரர் ரெஜ்ஜுக்கு அவள் தங்கை முறை. அப்பாவின் பால் வண்டியை இருபது வயதில் எடுத்தவள், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டு வந்த இரண்டு பேருமே காலை நான்கு மணிக்கு எழுந்திருக்கத் தயாராக இல்லை என்பாள். குளத்துக்கரையில் அப்பா கட்டிய வீடு, அவர் நட்ட பேரிக்காய் மரம், வண்டி. அவ்வளவுதான் அவள் சொத்து.

வியாழக்கிழமை மட்டும் வண்டியை விட்டுவிட்டு நேரே ஊர்க்கூடத்துக்கு வருவாள். தனியாக இருக்கும் வயசானவர்களுக்கு அன்று மதியச் சாப்பாடு. அவள் இறைச்சி வேக வைப்பாள், நான் கஸ்டர்டு கிண்டுவேன். பத்தொன்பது பேர் வருவார்கள். போர்க்காலத்துத் தகரக்கூடம் அது. ஒரு மார்ச் மாதம் கூரை சரிந்தது, மாவட்ட அலுவலகத்திலிருந்து வந்து பூட்டிவிட்டார்கள். சாப்பாடும் நின்றது.

அந்த வருடம்தான் கூச் குடும்பத்தார் சர்ச்சுக்குப் பின்னால் இருந்த வயலை, வீடு கட்டி விற்கும் ஒரு கம்பெனிக்கு விற்றார்கள். அறுபது வீடு வரப்போகிறது என்று ஊரே கொதித்தது. அனுமதி வேண்டுமானால் ஊருக்குப் புதுக் கூடம் கட்டித்தர வேண்டும் என்று மாவட்ட அலுவலகம் சொல்ல, கம்பெனி சம்மதித்தது. ஒப்பந்தத்தைப் படித்துப் பார்க்க ஊர்ச்சபை கூடியது. ரெஜ்ஜும் அதில் உறுப்பினர். இரண்டு மணி நேரம் பேசினார்கள். எதைப் பற்றி? சமையலறையிலிருந்து சாப்பாடு நீட்டுகிற ஜன்னல் கிழக்கே இருக்க வேண்டுமா, வடக்கே இருக்க வேண்டுமா என்று. 'அறுபதாவது வீட்டில் ஆள் குடியேறிய நாளிலிருந்து கூடத்து வேலை தொடங்கும்' என்ற வரியை யாரும் இரண்டாம் முறை படிக்கவில்லை. எல்லோரும் கை தூக்கினார்கள். ரெஜ் இரண்டு கையையும் தூக்கியிருப்பார்.

வீடுகள் எழும்பின. ஜனங்கள் வந்தார்கள். ஐம்பத்தொன்பது வரைக்கும் வந்தது, அங்கேயே நின்றது. அறுபதாவது, கம்பெனியின் மாதிரி வீடு. மேஜை மேல் பிளாஸ்டிக் ஆப்பிள், கட்டிலில் யாரும் படுக்காத மெத்தை. இரண்டு வருடம் அப்படியே இருந்தது. அதில் ஆள் வராத வரைக்கும் கம்பெனி கூடம் கட்ட வேண்டியதில்லையே.

அந்த இரண்டாவது குளிர்காலத்தில், வியாழக்கிழமைச் சாப்பாட்டுக்கு வந்துகொண்டிருந்த பெரியவர் வில்ஃப் கேஸ் வீட்டு வாசலில் முந்தின நாள் பால் எடுக்காமல் இருப்பதை ஹெஸ்டர் பார்த்தாள். பின்கதவை உடைத்துப் போனால், மனிதர் இடுப்பெலும்பு முறிந்து சமையலறைத் தரையில் கிடக்கிறார். ஒரு நாள் முழுக்கக் கிடந்திருக்கிறார். பிழைத்துக்கொண்டார். ஆனால் ஹெஸ்டர் அதற்கப்புறம் சிரிக்கிறதைக் குறைத்துவிட்டாள்.

"நேத்து வியாழக்கிழமை, ஜாய்ஸ்" என்றாள் என்னிடம். "கூடம் இருந்திருந்தா பன்னெண்டு மணிக்கே வில்ஃபை எங்கேன்னு கேட்டிருப்போம்."

அடுத்த ஊர்ச்சபைக் கூட்டத்துக்குக் கம்பெனியின் ஆள் பிரென்டிஸ் வந்திருந்தார். பளபளப்பான ஷூ போட்ட மனிதர். "எங்களுக்கு மட்டும் ஆசையில்லையாங்க? அந்த வீடு விலை போக மாட்டேங்குதே, நாங்க என்ன பண்றது?" என்றார்.

பின்வரிசையில் பால்காரக் கோட்டோடு ஹெஸ்டர் எழுந்தாள். "அது விக்கிறதுக்குத்தானே வெச்சிருக்கீங்க?"

"ஆமாம்மா."

"யார் கேட்டாலும் குடுப்பீங்களா?"

"தாராளமா. ஆள் குடிவந்த அன்னிக்கே கூடத்து வேலையை ஆரம்பிச்சுடுவோம்."

"இதை எழுதிக்கிட்டீங்களா?" என்று கூட்டக் குறிப்பு எழுதும் எழுத்தரைப் பார்த்துக் கேட்டுவிட்டு உட்கார்ந்துகொண்டாள்.

மறுநாள் குளத்துக்கரை வீட்டு வாசலில் 'விற்பனைக்கு' என்று பலகை நின்றது. நான் கையில் மாவோடு ஓடினேன்.

"உனக்குப் புத்தி பேதலிச்சுடுச்சா? பொறந்த வீடுடி இது!"

"தெரியும். இங்கே கூரை ஒழுகுது, அங்கே ஒழுகாது."

"அந்த மரம்?"

பேரிக்காய் மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "வாங்கறவங்க வெட்ட மாட்டோம்னு சொன்னாத்தான் குடுப்பேன்" என்றாள். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. நான் அவள் தோளைப் பிடித்தேன், மாவெல்லாம் கோட்டில் ஒட்டியது.

அறுபதாவது வீட்டை அவளே விலைக்குக் கேட்டதும் கம்பெனிக்காரர்கள் திணறித்தான் போனார்கள். முதலில் பதிலே இல்லை. அப்புறம் விலையை ஏற்றிப் பார்த்தார்கள். அவள் எழுத்தர் எழுதியதை நகல் எடுத்து அனுப்பினாள். ஊரே கேட்ட பேச்சு அது. இப்போது விற்க மாட்டோம் என்றால் கூடம் கட்ட மனசில்லை என்றுதானே ஆகும்? கொடுத்துவிட்டார்கள். குளத்துக்கரை வீட்டை வாங்கியவர்களும் மரத்தை வெட்ட மாட்டோம் என்று சொன்னார்கள்.

குடிபோன அன்று மேஜை நாற்காலியெல்லாம் பால் வண்டியில்தான் போனது, நாலு நடை. மதுக்கடை வாசலில் டென்னிஸ் கூச் நின்றிருந்தான்.

"என்ன ஹெஸ்டர், நம்ம வயலை முழுங்கின வீட்டுக்கே குடிபோறியா? வெக்கமாயில்ல?"

"வயலை வித்தது உங்க சித்தப்பா, டென்னிஸ். நான் பால்தான் விக்கிறேன். போன வாரப் பாக்கியை எப்பத் தர்றே?"

கடைக்குள்ளிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. டென்னிஸ் உள்ளே போய்விட்டான்.

மாவட்ட அலுவலகத்திலிருந்து ஓர் இளைஞர் சரிபார்க்க வந்தார். நிஜமாகவே இங்கே தங்குகிறீர்களா என்று கேட்டார். ஹெஸ்டர் வாசற்படியைக் காட்டினாள். கழுவிய காலி பாட்டில் ஒன்று.

"தினமும் காலையில எனக்கு நானே பால் போட்டுக்கறேன், கண்ணு. உள்ளே வந்து டீ குடி. ஆப்பிளை மட்டும் கடிச்சுடாதே, அது அவங்க விட்டுட்டுப் போனது."

பதினான்கு மாதத்தில் கூடம் எழும்பியது. நல்ல செங்கல் கட்டடம், ஒழுகாத கூரை. ஜன்னலைத் தெற்கே வைத்துவிட்டார்கள், அது வேறு கதை. கூடத்துக்கு ஹெஸ்டர் பெயரை வைக்கலாம் என்று ரெஜ் ஊர்ச்சபையில் எழுந்து சொன்னபோது என் கண் நிறைந்துவிட்டது. அவள் ஒத்துக்கொள்ளவில்லை. "பேரை வெச்சீங்கன்னா நான் செத்துட்டேன்னு நினைச்சு எல்லாரும் பால் வாங்கறதை நிறுத்திடுவாங்க."

முதல் வியாழக்கிழமை. தட்டு வைக்க வந்த நான் எண்ணிப் பார்த்தேன். பழைய ஆட்களில் மிச்சமிருந்தது பதினாறு பேர். மேஜையில் முப்பத்தொரு நாற்காலி.

"எதுக்கு இத்தனை?"

"புது வீடுகள்லயும் ஒண்டியா இருக்கிறவங்க உண்டு. ஒரு பாட்டில் மட்டும் வாங்கற வீடு எதுன்னு எனக்குத் தெரியாதா?"

பன்னிரண்டு மணிக்குக் கதவு திறந்தது. வில்ஃப் கேஸ் ஊன்றுகோலோடு முதலில் வந்தார். பின்னாலேயே மற்றவர்கள். ஒரு நாற்காலியும் காலியாக இல்லை. வாசலில் பாட்டிலை எண்ணியே ஒரு ஊரைக் கூட்டிவிட்டாளே என்று எனக்கு நெஞ்சு விம்மியது. எங்கள் வீட்டுப் பெண் அவள்.

ஹெஸ்டருக்கு இப்போது எழுபத்தெட்டு வயது. பால் வண்டியை விட்டு நான்கு வருடமாகிறது. அறுபதாம் எண் வீட்டில்தான் இருக்கிறாள். வியாழக்கிழமைகளில் கூடத்துச் சமையலறையில்.