பின்கட்டில் இருந்தவர்கள்

1964 அக்டோபர் 30: இலங்கை, இந்திய அரசுகள் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. தேயிலைத் தோட்டங்களில் நாடற்றவர்களாக இருந்த தமிழர்களில் ஒரு பகுதியினரை இந்தியா ஏற்கும். ஒரு பகுதியினருக்கு இலங்கை குடியுரிமை தரும். எஞ்சியோரைப் பற்றிப் பிறகு முடிவு செய்யப்படும்.

அடுத்த பத்தாண்டு: தலைமன்னாரிலிருந்து கப்பல்கள் இராமேசுவரம் வந்தன. வந்தவர்கள் மண்டபம் முகாமில் தங்கவைக்கப்பட்டு அங்கிருந்து பல ஊர்களுக்கு அனுப்பப்பட்டனர்.

அந்தப் பத்தாண்டில் ஒரு பங்குனி: ராஜபாளையத்தில் எங்கள் வீட்டுப் பின்கட்டில் ஒரு கணவனும் மனைவியும் குடியேறினர். ஆடி முடிவதற்குள் போய்விட்டனர்.

இந்த மூன்றாவது செய்தியை அறிந்தவர்களில் கடைசியாக நானும் என் அக்காவும் இருந்தோம். அக்கா சென்ற மாதம் காலமானாள்.

எங்கள் வீட்டில் பேசியது தெலுங்கு. எத்தனை தலைமுறைக்கு முன் எங்களவர்கள் வடக்கிலிருந்து இறங்கினார்கள் என்பதை யாரும் கணக்கு வைத்திருக்கவில்லை. எங்களைப் பார்த்து எவரும் அதைக் கேட்டதுமில்லை. தெருவில் தமிழ், வீட்டில் தெலுங்கு. வெளியாட்கள் இருக்கும்போது அந்தரங்கமாக ஏதும் பேச வேண்டுமானால் மற்றவர்கள் கதவைச் சாத்துவார்கள். நாங்கள் தெலுங்குக்கு மாறிக்கொள்வோம்.

அப்பாவுக்குப் பேண்டேஜ் துணி நெய்யும் தறிகள் இருந்தன. முகாமில் தெரிந்த ஒருவர் சொல்லி அந்தக் கணவனை வேலைக்கு எடுத்துக்கொண்டார். தறிக்கூடத்தை மேற்பார்த்தவர் அம்மாவின் அண்ணன், எங்கள் மாமா.

“ஏலே சிலோனு, கொழுந்து கிள்ளுன கைக்கு நூலு முடியத் தெரியுமாக்கும்?” என்று மாமா கேட்பார்.

“கை பழகிரும்ங்க. இந்த வெயிலுதான் பழக மாட்டேங்குது.”

சுற்றியிருப்பவர்கள் சிரிப்பார்கள். ஆனால் பக்கத்துச் செட்டியார்பட்டியிலிருந்து வேலை கேட்டு வாசலில் நின்றவர்கள் விரைவிலேயே சிரிப்பதை நிறுத்தினார்கள். “சிலோன்காரனுக்குத் தறி, எங்களுக்கு வாசலா மொதலாளி?” என்று ஒருவர் அப்பாவிடமே கேட்டார். தமிழைத் தவிர வேறொன்றும் பேசத் தெரியாத அந்த மனிதன் தமிழ்நாட்டில் அந்நியனாக இருந்தான். அவன் இருக்கலாமா போகலாமா என்பதைத் தெலுங்கு பேசும் நாங்கள் முடிவு செய்ய வேண்டியிருந்தது. அதில் விந்தை ஏதும் இருப்பதாக அப்போது ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஆனி மாதத்து ஒரு முற்பகல் அது முடிவாயிற்று. மனைவிக்கு ஏழு மாதம். முற்றத்து நிழலில் அமர்ந்து பேண்டேஜ் துணியைச் சுருள்களாகச் சுற்றிக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கேட்கும் தொலைவிலேயே அப்பாவும் மாமாவும் அமர்ந்திருந்தார்கள்.

“வீள்ளனி பம்பிஞ்செய்யி பாவா,” என்றார் மாமா. இவர்களை அனுப்பிவிடு மாப்பிள்ளை என்று பொருள். இந்த வீட்டில் குழந்தை பிறந்துவிட்டால் பிறகு அனுப்ப மனம் வராது, அதற்கு முன்பே சொல்லிவிடு என்று தெலுங்கிலேயே விளக்கினார். அப்பா, ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத் தேர் முடியட்டும், சொல்லிவிடுகிறேன் என்றார், அதுவும் தெலுங்கில். முற்றத்தில் துணி சுற்றிய கை நிற்கவில்லை.

பிற்பகல் அவள் அடுக்களை வாசலுக்கு வந்தாள். அம்மாவோடு சிறுபிள்ளைகளான அக்காவும் நானும் நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தோம். அவள் வாயைத் திறந்ததும் அம்மாவின் கையிலிருந்து கடலை சிந்தியது. அவள் பேசியது நல்ல தெலுங்கு. அவளுடைய தாய் நெல்லூர்ப் பக்கத்திலிருந்து தோட்டத்துக்குப் போனவளாம். அவள் சொன்னது தமிழில் இப்படி வரும்:

“நாங்களே போயிருதோம்மா. ஐயா சொல்ல வேண்டாம். எம் புருசனுக்கு இந்தப் பேச்சு தெரியாது, காலையில பேசுனதும் அவருக்குத் தெரிய வேண்டாம். அங்கயும் போன்னுட்டாங்க. இங்கயும் போன்னாங்கன்னு தெரிஞ்சா அந்த மனுசன் ஒடிஞ்சு போயிருவாரு.”

அம்மா நகர்ந்து உட்கார்ந்து இடம் விட்டாள். அவளும் அமர்ந்து எங்களோடு கடலை உரித்தாள்.

இரண்டொரு நாளில் பின்கட்டிலிருந்து சத்தம் கேட்டது. கணவன் முதன்முறையாகக் குரலை உயர்த்தியிருந்தான்.

“வெயிலு ஒத்துக்கலையாம். நீ என்ன கவர்னரு பொஞ்சாதியா? வேலை குடுத்தவங்க மூஞ்சியில எப்படி முழிப்பேன்? மலைக்கிப் போகணுமாம், கோத்தகிரியில சொந்தமாம்.”

அவள் தலையைக் குனிந்து நின்றாள். மாமா போய் அவன் தோளைத் தொட்டார்.

“விடுலே. புள்ளத்தாச்சி ஆசைப்படுதா. நாங்க என்ன போன்னா சொல்லுதோம்? கூட்டிட்டுப் போ. கொஞ்ச நாள் கழிச்சு வேணும்னா வா.”

அவன் கண் கலங்கி மாமாவைக் கும்பிட்டான். அவனை இப்படிக் கும்பிட வைத்துவிட்டாளே என்று எனக்கு அவள்மீது கோபம் வந்தது.

தேரன்று நாங்கள் எல்லோரும் ஒரே பேருந்தில் ஸ்ரீவில்லிபுத்தூர் போனோம். அங்கிருந்து அவர்கள் மதுரைக்குப் பேருந்து மாற வேண்டும். அவர்களுடைய தகரப் பெட்டியை மாமாவே சுமந்து வந்தார். தேருக்கு வந்த கூட்டத்தில் பேருந்து நிலையம் நிறைந்திருந்தது. அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, குழந்தை பிறந்ததும் தகவல் சொல்லி அனுப்பு என்று தெலுங்கில் சொன்னாள். கணவன் பக்கத்திலேயே நின்றான்.

“நீங்க சொல்றது எனக்கு வெளங்கலியேம்மா,” என்று அவள் தமிழில் சொல்லிச் சிரித்தாள்.

பொய் சொல்கிறாளே என்று நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா என் விரல்களை வலிக்க நெரித்தாள்.

மாமாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “அவளுக்கு நம்ம பேச்சு என்னத்தத் தெரியும்? தமிழ்ல சொல்லு,” என்றார் அம்மாவிடம்.

அம்மா தமிழில் சொன்னாள். பேருந்து புறப்பட்டது. தகவல் எதுவும் வரவில்லை.

இன்று ஊரின் ஆலைகளில் வடமாநிலத்துப் பிள்ளைகள் வேலை செய்கிறார்கள். தொலைக்காட்சியில் யார் மண்ணுக்குரியவர், யார் வந்தேறி என்று வாதிடுகிறார்கள். நான் அணைத்துவிடுகிறேன்.

அந்தத் தேர்நாளிலிருந்து தன் ஆயுள் முடியும்வரை அம்மா மாமாவிடம் ஒரு சொல்கூடத் தெலுங்கில் பேசவில்லை. அவர் தெலுங்கில் கேட்பார். அம்மா தமிழில் பதில் சொல்வாள். மாமா அதைக் கடைசிவரை வேடிக்கையாகவே எடுத்துக்கொண்டார். நானோ, ‘தமிழ்ல சொல்லு’ என்று மாமா அன்று பேருந்து நிலையத்தில் சொன்னதை அம்மா தட்டாமல் கேட்டு நடக்கிறாள் என்றே நெடுங்காலம் நினைத்திருந்தேன்.

செய்யாமல் நிற்பவை:

ரேஷன் அட்டையிலிருந்து அக்காவின் பெயரை நீக்குவது.

அவளுடைய கண்ணாடியை யாருக்காவது கொடுப்பது.

கோத்தகிரிக்குப் போய், பிறந்தது ஆணா பெண்ணா என்று விசாரிப்பது.

விசாரித்ததை அக்காவிடம் சொல்வது.