கற்பனை நகரமும் அக்காவின் குளியலறையும்

இனி வரப்போகும் இருண்ட காலத்தைப் பற்றிய கதைகள் என்றால் எனக்கு உயிர். அரசாங்கம் ஆட்களின் பெயரைப் பிடுங்கிக்கொண்டு இலக்கம் கொடுக்கும். மேல்தட்டு, நடுத்தட்டு, கீழ்த்தட்டு என்று பிரித்து வைக்கும். தும்முவதற்கும் முத்திரை குத்திய கடிதம் கேட்கும். அப்படி ஒரு புத்தகம் கையில் கிடைத்துவிட்டால் நான் சோறு தண்ணி மறந்துவிடுவேன். தமிழ் படிப்பிக்கிற வாத்தியாருக்கு இதெல்லாம் எதற்கு என்று பாடசாலையில் கேட்பார்கள். மனிதனை மனிதன் எப்படியெல்லாம் அடக்கலாம் என்று யோசிக்க ஒரு தனி மூளை வேண்டும் என்று நான் பதில் சொல்வேன். அந்தத் தனி மூளை எனக்கும் இருக்கிறது என்று மனதுக்குள் ஒரு நினைப்பு.

அந்த நினைப்பில்தான் நானும் ஒரு கதை எழுதினேன். நோர்வூட்டுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், வேலையாட்களின் வரிசை வீடுகளான லயத்தில், அக்கா வீட்டு இஸ்தோப்புத் திண்ணையில், கால் உடைந்து கம்பி கட்டிய பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்து எழுதினேன். அக்கா அந்தத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறாள். அத்தான் கொழும்பில் ஒரு கடையில் நிற்கிறார், மாதம் ஒருதரம் வருவார். அவர்களுக்கு ஒரே மகள், பதினைந்து வயது. நான் நாற்பது தாண்டியும் கல்யாணம் ஆகாதவன் என்பதால் முன் காம்பரா அறையை எனக்கு விட்டுத் தந்திருந்தார்கள்.

அக்காவுக்கு இந்த உலகத்தில் வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. வீட்டுக்குப் பின்னால் நான்கு சுவரும் ஒரு கதவும் வைத்த குளியலறை. எங்கள் லயத்துக்கே ஒரு பீலிதான். மலையிலிருந்து குழாய் வழியாக வந்து கொட்டும் தண்ணீர். அது ரோட்டோரத்தில் இருக்கிறது. பாவாடையை நெஞ்சுக்கு மேலே கட்டிக்கொண்டு எங்கள் அம்மா குளித்தாள், அக்கா குளித்தாள், இப்போது மகள் குளிக்கிறாள். ஆனால் அம்மா காலத்தில் லொறியில் போகிறவன் கையில் கேமரா போன் இல்லை. வேலை விட்டு வந்த கையோடு அக்கா ஒரு பெட்ஷீட்டை விரித்துப் பிடித்துக்கொண்டு பீலியடியில் நிற்பாள், மகள் அதற்குப் பின்னால் அவசர அவசரமாக இரண்டு வாளி ஊற்றிக்கொண்டு ஓடி வருவாள். அந்தப் பிள்ளை ஆசையாகத் தலை முழுகி நான் பார்த்ததில்லை.

கல் வாங்கிப் பின்பக்கம் அடுக்கியாகிவிட்டது. ஆனால் லயம் தோட்டத்துக்குச் சொந்தம். தோட்டத்தை நிர்வகிக்கும் துரையின் கடிதம் இல்லாமல் ஒரு கல்லை இன்னொரு கல்லின் மேல் வைத்தால் காவல்கார வாச்சர் வந்து உடைத்துவிட்டுப் போவார். அக்கா மூன்று தரம் விண்ணப்பம் கொடுத்திருந்தாள். மூன்றையும் எழுதிக் கொடுத்தவன் நான். 'தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்' என்பதை அழகாக எழுதுவதில் தோட்டத்தில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது.

சரி, கதைக்கு வருகிறேன். இருநூறு வருடத்துக்குப் பிறகு மலை மேல் ஒரு நகரம். உச்சியில் கோபுரம், அதில் ஒலிபெருக்கியோடு ஆட்சியாளர். நடுவில் எழுத்தர்கள். அடியில் வரிசை வரிசையாக ஒட்டிய அறைகளில் இலக்கம் கொண்ட மக்கள். விடியும்முன் சங்கு ஊதும். எல்லோரும் ஒரு களத்தில் கூடி நிற்க, இன்றைக்கு யார் எங்கே வேலை என்று ஒருவன் கத்துவான். சாயங்காலம் அவரவர் சேர்த்ததை நிறுத்துப் பார்த்து ரொட்டி கொடுப்பார்கள். கடிதம் எல்லாம் கோபுரத்துக்குப் போய், உடைபட்டு, பிறகுதான் கீழே வரும். சுவரில் ஆணி அடிக்கவும் அனுமதி வேண்டும்.

வாசிக்கிறவர்களுக்கு இந்நேரம் விளங்கியிருக்கும். சத்தியமாகச் சொல்கிறேன், எழுதியபோது எனக்கு விளங்கவில்லை. நான் இராத்தூக்கம் கெட்டு யோசித்தேன். களத்தில் ஆட்களைக் கூட்டி நிறுத்தும் காட்சி தோன்றியபோது, என்னடா கொடூரமான கற்பனை என்று எனக்கே உடம்பு சிலிர்த்தது. அதே நேரம் கீழே, வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக் களத்தில் கங்காணி அக்காவின் பேரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

கதையைக் கொழும்பில் ஒரு பத்திரிகையின் போட்டிக்கு அனுப்பினேன். முடிவை நான் பாடசாலை விட்டு வரும் வழியில் தேயிலைக்குள்ளிருந்து ஒரு பெண்தான் கத்திச் சொன்னாள்.

"சேர்! முதல் பரிசாமுல்ல!"

"யாரு சொன்னது?"

"கடுதாசி வந்துருக்கு. ஆபீஸ்ல படிச்சாங்களாம்."

எங்கள் தோட்டத்தில் லயத்து ஆட்களுக்குத் தபால் நேரே வராது. மொத்தமாக ஆபீசுக்குப் போகும், அங்கிருந்து கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு வரும், அங்கே யார் கையில் கிடைக்கிறதோ அவர் கொண்டுவந்து தருவார். கடிதம் என் கைக்கு வந்தபோது ஒரு ஓரம் கிழிந்து தேத்தண்ணிக் கறையோடு இருந்தது. நடுவர்கள் எழுதியிருந்தார்கள்: 'கடிதங்களை அரசு உடைத்துப் படிக்கும் இடம் அபாரமான கற்பனை.' நானும் பெருமையாக இரண்டு தரம் வாசித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை லயத்துப் பெண்கள் கதையைப் படித்துக் காட்டச் சொன்னார்கள். இஸ்தோப்பில் கூட்டம். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, குரலை ஏற்றி இறக்கி வாசித்தேன். யாராவது அழுவார்கள் என்று எதிர்பார்த்தேன். முடித்ததும் எல்லோரும் என் முகத்தையே பார்த்தார்கள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

"அந்த ஊர்ல ரத்தம் உறிஞ்சுற அட்டை இருக்கா சேர்?" என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்டாள்.

"அட்டையா? இல்லையே."

"சிறுத்தை?"

"அதுவும் இல்ல."

"அப்ப நல்ல ஊருதான்."

"ரொட்டி குடுக்கிறாங்கன்னு வந்துச்சே, அத சம்பளத்துல வெட்டுவாங்களா?" என்றாள் இன்னொருத்தி.

"வெட்ட மாட்டாங்க. ஆனா அவங்க அடிமைங்க. அதான் கதையே!"

"அது சரி. வெட்டாம குடுக்கிறாங்கல்ல, அதச் சொன்னேன்."

ஓய்வுபெற்ற கங்காணி ஒருவர் மட்டும் வெற்றிலையை மென்றுகொண்டே என்னைப் பாவமாகப் பார்த்தார். "இதுல எது சேர் கற்பனை?" என்றார். நான் தாளைப் புரட்டிப் பார்த்து, "கோபுரம்" என்றேன். எல்லோரும் திரும்பி மேலே மலை உச்சியில் இருந்த துரை பங்களாவைப் பார்த்தார்கள். அன்றைக்குத்தான் நானும் அதை ஒழுங்காகப் பார்த்தேன். வெட்கம் பிடுங்கித் தின்றது.

அடுத்த நாள் ஆபீசிலிருந்து ஆள் வந்தது. துரை வரச் சொல்கிறார், கதை விஷயமாம்.

அக்கா கூடையை இறக்கக்கூட இல்லை. அதோடேயே என்மேல் பாய்ந்தாள். "கதை எழுத ஒனக்கு வேற ஊரே கெடைக்கலையாடா? மூணு தரம் மனு குடுத்து வச்சிருக்கேன். ஒன் கதையால எம் புள்ள கல்யாணமாகி போற வரைக்கும் பீலியிலயே குளிக்கணுமா?"

"அது இருநூறு வருசத்துக்கு அப்பறம் நடக்கிற கதைக்கா."

"அத துரைகிட்ட சொல்லு!"

சொல்லலாம் என்றுதான் போனேன். பயம் இல்லை என்று சொன்னால் பொய். அரசாங்கச் சம்பளம் வாங்குகிறேன், துரை என்னை ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் அக்காவின் மனு அவர் மேசையில் கிடந்தது.

தோட்டத்து ஆபீசில் லயத்து ஆட்கள் உள்ளே போவதில்லை, ஜன்னலுக்கு வெளியே நின்று பேசுவார்கள். வாத்தியார்மார் வந்தால் உள்ளே கூப்பிட்டுக் கதிரை கொடுப்பார்கள். நானோ லயத்தில் பிறந்த வாத்தியார். பெரிய கிளாக்கர் என்னைச் சின்ன வயதிலிருந்து ஜன்னலுக்கு வெளியே பார்த்துப் பழகியவர். கதவைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். "வா தம்பி" என்றவர், "வாங்க சேர்" என்று திருத்தினார். கதிரை விஷயத்தில் எந்த முடிவுக்கும் வர முடியாமல் தானும் எழுந்து நின்றுகொண்டார். இருவரும் காலியாகக் கிடந்த இரண்டு கதிரைகளுக்குப் பக்கத்தில் நின்று பேசினோம்.

"பேப்பர்ல வந்த கதையைத் துரைக்கு நான்தான் சிங்களத்துல சொன்னேன்" என்றார். அவர் குரலைத் தாழ்த்தினார். "அந்த எழுத்தர் பாத்திரம்... என்ன வச்சுத்தானே எழுதுனீங்க?"

"இல்லீங்கய்யா, அது சும்மா..."

"மேலயும் ஏச்சு, கீழயும் ஏச்சு. நடுவுல நிக்கிறவன் படுற பாட்டை இது வரைக்கும் ஒருத்தனும் எழுதல சேர்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். என் கதையில் எழுத்தர்கள் கொடியவர்கள். அதை நான் அவருக்கு நினைவூட்டவில்லை.

துரை வந்தார். முப்பது வயதுச் சிங்கள இளைஞர். தோட்டத்துத் துரைமார் தமிழ் படிப்பது வேலை வாங்குவதற்கு என்பதால் அவருக்கு வரும் தமிழெல்லாம் அதட்டலாகவே வரும். ஆனால் மனுஷன் நல்லவர்.

"உக்காரு!" என்று அதட்டினார். உட்கார்ந்தேன். "பயப்படாதே! தேத்தண்ணி குடி!"

குடித்தேன். பிறகு அவர் சிங்களத்தில் பேசினார். கதையில் வரும் அந்த இலக்கம் போட்ட மனிதன் தான்தான் என்றார். காலை ஆறு மணிக்குத் தோட்டத்தை நடத்தும் கொழும்புக் கம்பனியிலிருந்து போன் வரும், நேற்று எத்தனை கிலோ என்று. ஜீப் எங்கே நிற்கிறது என்று கொழும்பில் இருந்தே பார்க்க ஒரு கருவி பூட்டியிருக்கிறார்களாம். பங்களா குளியலறையில் பல்ப் மாற்றுவதற்குக்கூட மேலே எழுதிக் கேட்க வேண்டுமாம், இரண்டு வாரமாக இருட்டில் குளிக்கிறாராம். கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைத் தூக்கிக் காட்டினார். அதில் ஓர் இலக்கம் இருந்தது. "இதை உனக்கு யார் சொன்னது?" என்று உருக்கமாகக் கேட்டார்.

கோபுரத்தில் குந்தியிருந்தவனும் தன்னைக் கீழ்த்தட்டு என்கிறான். அந்த நகரத்தை யார்தான் ஆள்கிறார்கள்?

இதுதான் சமயம் என்று அக்காவின் குளியலறையைப் பற்றிக் கேட்டேன். துரையின் முகம் வாடிவிட்டது. கட்டடம் என்றால் கம்பனியைக் கேட்க வேண்டும், காணி அரசாங்கத்துடையது என்பதால் கம்பனி அரசாங்கத்தைக் கேட்க வேண்டும் என்றார். அரசாங்கத்தையே கேட்டுவிடுவோம் என்று ஒருநாள் லீவு போட்டு ஓர் அலுவலகத்துக்குப் போனேன். அங்கே இருந்தவர் மிகவும் மரியாதையாகப் பேசினார். தோட்டத்துக்குள் எங்களுக்கு அதிகாரம் இல்லை, துரையைக் கேளுங்கள் என்று அனுப்பிவைத்தார். வந்து நான்காவது மனுவை எழுதினேன். முன்னதைவிட அழகாக வந்தது.

பௌர்ணமி விடுமுறையான போயா நாள் வந்தது. ஆபீஸ் பூட்டு, வாச்சர் டவுனுக்குப் போயிருந்தார். காலையில் பின்பக்கம் சத்தம் கேட்டு எழுந்து போனேன். சுவர் இடுப்பு உயரத்துக்கு வந்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரிகள் கல் எடுத்துக் கொடுக்க, கிழட்டுக் கங்காணி மட்டம் பார்க்க, அக்கா சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு சாந்து பூசிக்கொண்டிருந்தாள். முந்தின வாரம் பீலியடியில் ஒருவன் லொறியை நிறுத்திவிட்டுப் போனைத் தூக்கிப் பிடித்தானாம். அக்கா எனக்குச் சொல்லவில்லை. சொன்னால் ஐந்தாவது மனு எழுதுவேன் என்று பயந்திருப்பாள்.

நான் கத்தினேன். "அக்கா, என்ன வேல இது! அனுமதி வரலையே. எல்லாத்துக்கும் ஒரு முறை இருக்கு. பொறுமையா இருந்தா கெடைக்கும். ஒருத்தர் மீறுனா எல்லாருக்கும்தான் கஷ்டம்!"

அக்கா அடுத்த கல்லுக்குக் கை நீட்டினாள். சாந்து குழைத்துக்கொண்டிருந்த அக்காவின் மகள், என் மருமகள், மட்டும் களுக்கென்று சிரித்தாள்.

"ஏன்டி சிரிக்கிற?"

"மாமா, இது அந்தக் கோபுரத்துக்காரரு ஒலிபெருக்கில பேசுற வசனம். அப்படியே இருக்கு. 'ஒருத்தர் மீறுனா எல்லாருக்கும் கஷ்டம்'னு நீங்கதான எழுதுனீங்க?"

எழுதினேன்தான். அந்த வசனத்துக்காக ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டேன். தோட்டத்தில் அத்தனை பேரும் கதையைக் கேட்டுவிட்டு, இது நான்தான், இது நான்தான் என்று கீழ்த்தட்டில் இடம் பிடித்துக்கொண்டார்கள். ஆட்சியாளர் பதவிதான் காலியாகக் கிடந்தது. அதற்குப் பொருத்தமான ஆள் முன் காம்பராவிலேயே இருந்திருக்கிறான். எனக்கு அழுகை வந்தது, அதை மறைக்கக் கோபம் வந்தது, இரண்டும் உதவாமல் போகவே சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு மணல் சுமந்தேன்.

வாச்சர் மறுநாள் வந்து பார்த்தார். துரையும் ஜீப்பை நிறுத்திப் பார்த்தார். அக்கா வாசலில் மம்மட்டியோடு நின்றாள். துரை தகரக் கூரையைக் காட்டி, "பச்சைப் பெயின்ட் அடி! ரோட்டுக்குத் தெரியுது!" என்று அதட்டிவிட்டுப் போனார். அனுமதிக் கடிதம் இன்றுவரை வரவில்லை.

முதல் குளியல் மருமகளுக்கு. அன்றைக்குப் பாடசாலை நாள், நான் துண்டும் சவர்க்காரமுமாக வெளியே நின்றேன். பத்து நிமிடம் ஆயிற்று, இருபது ஆயிற்று. உள்ளே பாட்டு கேட்டது. பிந்திவிடும், கதவைத் தட்டு என்று அக்காவிடம் சொல்லப் போனேன். அவள் அடுப்படியில் கையைக் கட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். பெட்ஷீட் பிடிக்கிற வேலை இல்லாமல் அந்தக் கைகளை என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை போலும்.

"குளிக்கட்டும்டா" என்றாள்.

நான் அன்றைக்குக் குளிக்காமல் பாடசாலைக்குப் போனேன்.