ஏலத்தில் விழுந்த அறை

ஹோட்டலில் இருபத்திரண்டு வருஷம் மண்டியிட்டுத் தரை துடைத்தால் முட்டி மிஞ்சாது. என் அக்காவுக்கும் மிஞ்சவில்லை. வேலை போனதும் வாடகை குறைந்த புறநகருக்குப் போனவர், முட்டி ஆபரேஷனுக்காகக் காலை ஏழு மணிக்கு நகரத்து ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். பக்கத்திலேயே ஓர் அறை தேவைப்பட்டது.

பஸ் ஓட்டும் அவர் கணவர், ஹோட்டல் அறைகளை மலிவாக விடும் ஆன்லைன் ஏலத்தில் விலை கேட்டார். அதில் பகுதியைச் சொல்லலாம், விலையைச் சொல்லலாம். ஹோட்டல் பெயர் மட்டும் பணம் கட்டிய பிறகுதான் தெரியும். ஐந்தாவது தடவை விலை படிந்தது. பெயரைப் பார்த்தால், அக்கா வேலை பார்த்த அதே ஹோட்டல்.

"என் முட்டியைத் தின்ன இடத்துக்கே காசு கட்டிட்டீங்களா?"

"ஆஸ்பத்திரிக்கு எதிர்லயே இருக்கே."

வரவேற்பில் இருந்தவர் ஒரு சாவியை நீட்டினார். அக்கா எண்ணைப் பார்த்தார்.

"லிஃப்டை ஒட்டின ரூம், சத்தம் தூங்க விடாது. ஏலத்துல வர்றவங்க தலையில இதைத்தானே கட்டுவீங்க? கடைசி ரூம் காலியா இருந்தா குடுங்க தம்பி."

அவர் சாவியை மாற்றிக் கொடுத்தார்.

விடிந்ததும் அக்கா கட்டிலைப் பிடித்துக்கொண்டு விரிப்பை உருவத் தொடங்கினார்.

"விடு. இன்னிக்கு நீ காசு கட்டினவ."

"இதை எடுக்க வர்றவளுக்கும் முட்டி இருக்குல்ல?"

கணவர் மறுமுனையைப் பிடித்தார்.