நூற்றுப் பதினெட்டாம் பக்கம் வரை

கனகலிங்கம் அண்ணை போய்விட்டார்.

முந்தநாள் விடிய நெஞ்சுவலி. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியிலேயே... நேற்று எல்லாம் முடிந்தது. இப்போதுதான் எழுதக் கை வருகிறது.

பூவரசங்குளத்தில் மாதத்தின் கடைசி ஞாயிறு நாங்கள் நடத்தும் வாசகர் வட்டத்தின் போட்டோக்களை இங்கே பார்த்திருப்பீர்கள். பின்வரிசையில் சாரமும் வெள்ளைச் சேர்ட்டுமாக, கமராவைப் பார்க்காமல் பக்கத்தில் இருப்பவரோடு கதைத்துக்கொண்டிருப்பாரே... அவர்தான். குளத்துக்குக் கீழே வயல் செய்தவர்.

அவர் இல்லாவிட்டால் இந்த வட்டமே இன்று இல்லை. மூடப் பார்த்தது வேறு யாருமில்லை, நான்தான்.

தொடங்கின புதிதில் எனக்குப் பெரிய டீச்சர் என்று நினைப்பு. புத்தகத்தை முழுதாக வாசிக்காதவர்கள் பேசக் கூடாது என்று ஒரு ரூல் போட்டேன். மூன்று பிரதிகள், பன்னிரண்டு பேர், அதுவும் விதைப்புக் காலம். யார் வாசித்து முடிப்பது?

பன்னிரண்டு ஏழானது, ஏழு நாலானது. வராதவர்களை எல்லாம் சோம்பேறிகள் என்று வீட்டிலிருந்து திட்டிக்கொண்டிருந்தேன்.

ஒரு ஞாயிறு மண்டபத்தில் நானும் அண்ணையும் மட்டும். அரை மணித்தியாலம் பார்த்துவிட்டு யன்னல்களைப் பூட்டத் தொடங்கினேன். "இதோட காணும் அண்ணை, இனிக் கூட்டம் வைக்கேல்லை" என்றேன். அழுகை வந்துவிட்டது, அதை மறைக்கக் கோபமாகச் சொன்னேன்.

"ஏன் பிள்ளை, என்னைப் பார்த்தா ஆளாத் தெரியேல்லையோ?"

"நீங்கள் வாசிச்சு முடிச்சனீங்களோ?"

"இல்லை, அரைவாசியில நிக்கிறன். ஆனா மிச்சம் என்ன நடக்குமெண்டு எனக்குத் தெரியும். சொல்லட்டோ?"

சொன்னார்... முக்கால் மணித்தியாலம். நான் முடித்த புத்தகம் அது. அவர் சொன்னதில் ஒன்றுகூட அதில் இல்லை. ஆனால் அண்ணையின் கதையில் எல்லாரும் ஒருவரோடொருவர் சண்டை பிடித்தார்கள், சமாதானமானார்கள், ஒரு கலியாணம்கூட நடந்தது. நான் யன்னலை விட்டுவிட்டுக் கதிரையில் உட்கார்ந்துவிட்டேன்.

போகும்போது சைக்கிளில் ஏறிக்கொண்டே சொன்னார்: "முடிக்காத ஆக்கள் முதல்ல கதைக்கட்டும். முடிச்சவை வாயைப் பொத்திக்கொண்டு கேளுங்கோ. பிறகு பாருங்கோ, சனம் வரும்."

எனக்கு ரோசம். ஒரு கிழமை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தேன். பிறகு குரூப்பில் போட்டேன்: 'வாசித்து முடிக்காதவர்கள் கட்டாயம் வரவும்.'

ஒன்பது பேர் வந்தார்கள்.

அரிசி ஆலையில் வேலை செய்கிற ராணி அக்கா ஆறே ஆறு பக்கம் வாசித்துவிட்டு இருபது நிமிடம் பேசினார். அதுவரை அவருடைய குரலையே நாங்கள் கேட்டதில்லை. முடிவு தெரிந்த எனக்கு வாய் துறுதுறுத்தது. அண்ணை என்னைப் பார்த்து உதட்டில் விரலை வைத்தார்.

அன்றிலிருந்து எங்கள் கூட்டம் இப்படித்தான் நடக்கிறது.

சண்டையும் நல்லாப் பிடிப்பார். ஒரு நாவலில் தண்ணீர் கட்டின வயலில் புழுதி பறந்தது என்று எழுதியிருந்தது. "இந்த ஆள் வரம்பிலகூட நடந்திருக்க மாட்டார்!" என்று ஒரு மணித்தியாலம் வழக்குப் பேசினார். பாவம், கதாநாயகியைப் பற்றி அன்றைக்கு ஒருவரும் ஒரு சொல் பேசவில்லை.

ஆனால் இத்தனை வருடத்தில் ஒரு புத்தகத்தையும் அவர் முடித்து வந்ததில்லை. வாசிக்கச் சோம்பல்பட்டுக் கள்ளமடிக்கிறார் என்றுதான் நினைத்திருந்தேன். காரணம் இன்று பின்னேரம் வீட்டுக்குப் போனபோதுதான் தெரிந்தது.

அவருடைய மனைவி பரமேஸ் அக்கா சொன்னார்: "எனக்கும் கேக்க வேணுமெண்டு சத்தமாத்தான் வாசிப்பார் பிள்ளை. நான் இடையில எழும்பி அடுப்பைப் பார்க்கப் போயிடுவன். திரும்பி வந்தா, நான் விட்ட இடத்தில இருந்து திரும்ப வாசிப்பார். பிறகெப்பிடி முடியும்?"

இந்த ஞாயிறு கூட்டம் வைக்கவில்லை என்று சொன்னேன்.

"ஏன்? வையுங்கோ" என்றவர், உள்ளே போய் இந்த மாதப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்தார். சொத்துத் தகராறில் பிரிந்துபோகிற இரண்டு சகோதரிகளின் கதை. நூற்றுப் பதினெட்டாம் பக்கத்தின் மூலை மடித்திருந்தது.

"மூத்தவள் வீட்டுக்குத் திரும்பி வருவாளோ எண்டு கேட்டனான். 'பொறும், நாளைக்கு வாசிப்பம்' எண்டவர்."

நான் வாயைத் திறந்தேன்.

"சொல்லாதையுங்கோ பிள்ளை! நான் வாசிக்கிறன். எழுத்துக் கூட்டி மெல்ல மெல்லத்தான் வாசிப்பன். முப்பத்தொண்டாம் நாள் காரியம் முடியட்டும், அடுத்த கூட்டத்துக்கு வாறன்."

ஆகவே நண்பர்களே, இந்த ஞாயிறு கூட்டம் உண்டு. நூற்றுப் பதினெட்டாம் பக்கம் வரைதான் பேசப்போகிறோம். மிச்சத்தை அக்கா வந்த பிறகு பேசுவோம்.

போயிட்டு வாங்கோ அண்ணை... மூத்தவளின் கதையை அக்கா பார்த்துக்கொள்ளுவா.