வேப்பங்கொப்பு வைத்த புற்று

சூளகிரிப் பக்கம் ஒரு கம்பெனியில் கூட்டிப் பெருக்கும் முனிலட்சுமிக்கு அஞ்செட்டிதான் சொந்த ஊர். வாய் நீளம், மனசு அதைவிடத் தாராளம். கேன்டீனுக்குப் பின்னால் கரையான் புற்று இருப்பதை வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே கண்டுபிடித்துவிட்டாள். மற்றவர்களுக்கு அது வெறும் மண்மேடு. அவளுக்கு அது வருஷம் ஒரு முறை கிடைக்கும் விருந்து.

இரண்டாயிரத்து ஏழு வைகாசியில் அவள் மகள் அனிதா மசக்கையோடு தாய்வீடு வந்திருந்தாள். தின்றதெல்லாம் வாந்தி. மூன்று வாரத்தில் பெண் பாதியாகிவிட்டாள். வாயைத் திறந்து கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "ஈசலும் பொரியும் வறுத்துக் குடும்மா."

வானம் கருத்த அன்றே முனிலட்சுமி ஒரு கொப்பை ஒடித்துப் புற்றின் மேல் வைத்தாள். அவள் ஊரில் அது வழக்கம். கொப்பு வைத்தவருக்குத்தான் அந்தப் புற்றின் ஈசல், வேறு யாரும் கை வைக்க மாட்டார்கள். செய்த தப்பு ஒன்றுதான். பக்கத்தில் இருந்தது வேப்பமரம்.

மறுநாள் பார்த்தால் புற்றுக்கு மஞ்சள், குங்குமம், ஒரு டம்ளர் பால்! மதுரைப் பக்கத்து சூப்பர்வைசர் ஆனந்தின் வேலை. வேப்பிலையைப் பார்த்ததும் அம்மனே வந்துவிட்டாள் என்று முடிவு கட்டிவிட்டான். அன்றிலிருந்து அவன் லைனில் ஒரு மெஷினும் நிற்கவில்லையாம். இனி அதில் எப்படிக் கை வைப்பது? முனிலட்சுமிக்கு அழுகையே வந்துவிட்டது.

நான்காம் நாள் மத்தியானம் மழை கொட்டி ஓய்ந்தது. புற்றுக் கண்ணில் இறக்கைகள் மினுங்கின. பழைய புடவையும் குண்டானுமாக ஓடினாள். அங்கே ஆனந்த் கைகூப்பி நின்றுகொண்டிருந்தான்.

"சார், தப்பா நெனக்காதீங்க. அது சாமி இல்ல. ஈசல் எனக்குன்னு நான் வெச்ச கொப்பு. எம் பொண்ணு மசக்கையில கெடக்கறா. இத விட்டா வேற எதுவும் எறங்க மாட்டேங்குது."

அவன் புற்றைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். பிறகு குனிந்து சேஃப்டி ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்தான்.

"புடவைய எந்தப் பக்கம் பிடிக்கணும்க்கா?"

இருவரும் புடவையைப் புற்றின் மேல் போர்த்தி, ஒரு பக்கம் மட்டும் வழி விட்டுக் குண்டானை வைத்தார்கள். அரை மணியில் அது நிறைந்தது.

சாயங்காலம் இறக்கையைப் புடைத்துப் போக்கி, பொரியும் மிளகாயும் உப்பும் சேர்த்து வறுத்தாள். அனிதா ஒரு பிடி தின்றாள். முனிலட்சுமி மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். பெண் தட்டை மறுபடியும் நீட்டினாள்.

"ஏம்மா, இதுல மஞ்ச வாசம் வருது?"

"பேசாம தின்னுடி" என்றாள் முனிலட்சுமி.

வெள்ளிக்கிழமை பாலோடு வந்த ஆனந்த், புற்றுக்கு யாரோ முன்னமே புது மஞ்சள் பூசியிருப்பதைப் பார்த்தான். கொஞ்சம் தள்ளி, முனிலட்சுமி தலை நிமிராமல் பெருக்கிக்கொண்டிருந்தாள். துடைப்பத்தின் பிடியெல்லாம் மஞ்சள்.