ஒரு பக்கம் மட்டும் தெரிந்த மலை

இரண்டாயிரங்களின் நடுவில், ஜெர்மனியின் சவர்லாந்து மலைப்பகுதியில் ஒரு சிறு நகரசபையின் பாதைப் பராமரிப்பில் வேலை செய்தேன். ஒரு குளிர்காலப் புயலில் எங்கள் மலையின் ஊசியிலை மரங்களில் பாதி சாய்ந்தன. காட்சிக் கோபுரமோ கோப்பிக் கடையோ இல்லாத மலை அது. நடக்க வருவோர் குறைவு. வந்தவர்களுக்கு வழிகாட்ட மரங்களில் அடித்திருந்த வெள்ளைக் கோடுகள் அந்த மரங்களோடு போய்விட்டன.

எங்கள் ஊரில் தொடங்கி, உச்சியைத் தாண்டி, அடுத்த ஊரில் முடியும் பாதை. புதிதாகக் கோடு அடிக்க என்னையும் யோகனையும் அனுப்பினார்கள். யோகன் மன்னார்க்காரன், இரண்டு பிள்ளைகளின் தகப்பன், தற்காலிக வேலையாள். அவனை நிரந்தரமாக்குவதா நிறுத்துவதா என்று எங்கள் ஷெஃப், அதாவது மேலாளர், அந்த மாதம் முடிவெடுக்க இருந்தார். வேலை போய்விடுமோ என்று அவனைவிட எனக்குத்தான் பயம்.

யோகன் எங்கள் ஊரிலிருந்து ஏறுபவருக்குத் தெரியும் பக்கத்தில் மட்டும் அடித்துக்கொண்டு போனான். நான் கோடுகளை எண்ணிக்கொண்டே பின்னால் நடந்தேன்.

"மற்றப் பக்கத்துக்கும் அடிக்க வேணுமெல்லோ?"

"அந்தப் பக்கத்தால ஆர் அண்ணை வாறது? போன வருசம் முழுக்க நாங்கள் கண்டது ஒரு கிழவனும் அவற்ற நாயும். பெயின்றும் முடியப் போகுது. சும்மா யோசிச்சு யோசிச்சு உங்கட தலை நரைச்சதுதான் மிச்சம்."

திங்கட்கிழமை ஷெஃப் கன்னத்தில் கீறல்களோடு வந்தார். அவர் வீடு பாதை முடியும் அந்த அடுத்த ஊரில்.

"நேற்று மனிசியோட ஏறினன். மூடுபனி. ஒரு கோடும் காணேல்லை. சேத்துக்குள்ள இறங்கிட்டம். மனிசி இன்னும் என்னோட கதைக்கேல்லை. ஆர் அடிச்சது?"

நான் வாய் திறக்குமுன் யோகன் முன்னே வந்தான். "நான்தான் ஷெஃப். அண்ணை சொன்னவர், நான் கேக்கேல்லை."

ஷெஃப் பெயின்ற் வாளியை எடுத்து அவன் கையில் கொடுத்தார். "சரி, வாங்கோ. இண்டைக்கு என்ர வீட்டு வாசலில இருந்து தொடங்குவம்."

மூவரும் ஏறினோம். யோகன் கோடு அடிப்பான், மரத்தைக் கடந்து போவான், திரும்பிப் பார்ப்பான், பிறகுதான் அடுத்தது. வெட்டுண்ட மரங்களின் பிசின் மணம் வழியெல்லாம் வந்தது. இப்போது நினைத்தாலும் அந்த மணம் வருகிறது. உச்சியில் மூடுபனி விலகியபோது, ஏறி வந்த சரிவில் கோடுகள் வெள்ளையாக இறங்கிப் போயின; எங்கள் ஊர்ப் பக்கச் சரிவு மட்டும் மிச்சம் இருந்தது.

"யோகன், அடுத்த வருசமும் இந்தப் பாதை உன்ர பொறுப்பு. அதுக்குப் பிறகும். விளங்குதோ?" என்றார் ஷெஃப்.

யோகன் "ஓம்" என்றான். தூரிகையை வாளியில் தோய்த்துக்கொண்டு அடுத்த மரத்துக்குப் போனான்.

இந்த வேலைக்கு வருபவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: அடித்து முடித்ததும் எதிர்ப்பக்கத்திலிருந்து ஒருமுறை நடந்து பாருங்கள். அந்தப் பக்கத்தால் வருடத்தில் ஒருவர்தான் வருவார் என்றாலும் அவரும் வீடு போய்ச் சேர வேண்டும்.