பூனைக்குக் கார் பழக்கியவர்

நெய்வேலி சுரங்கத்தில் வேலை செய்யும் இசக்கிமுத்துவுக்கு நைட் ஷிப்ட் முடிந்து பகலில்தான் தூக்கம். மனைவி செண்பகவல்லி வளர்த்த பூனை அப்போதுதான் கதவருகே கத்தும். ஒருநாள் அவள் வெளியே போயிருந்தபோது அதைச் சாக்கில் போட்டுக் காரில் கொண்டுபோய், பண்ருட்டி சாலையில் ஒரு முந்திரித் தோப்பில் விட்டுவிட்டு வந்தார். அவளிடம், "எங்கயோ ஓடிப்போச்சு" என்றார்.

எட்டாம் நாள் அது நொண்டிக்கொண்டே குவார்ட்டர்ஸுக்கு வந்து சேர்ந்தது. இருவரும் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனார்கள். கார் கிளம்பியதும் பூனை ஓலமிட்டது. கூடையிலேயே மூத்திரம் போனது. மருத்துவரின் மேஜையிலோ சத்தமே இல்லை. இசக்கிமுத்துவின் அக்குளில் தலையைப் புதைத்துக்கொண்டது. அதை நம்பிக்கை என்று சொல்ல முடியாது. ஒளிந்துகொள்ள அங்கே வேறு இடமில்லை.

"முன்னாடி கார்ல எப்பவாச்சும் பயந்துச்சா?" என்று மருத்துவர் கேட்டார்.

"கார்ல ஏறுறதே இன்னைக்குத்தான் டாக்டர்," என்றாள் செண்பகவல்லி. இசக்கிமுத்து குனிந்து பூனையின் முதுகைத் தடவினார்.

"அப்ப தினமும் கொஞ்ச தூரம் கூட்டிட்டுப் போங்க சார். கார்ல போனா வீட்டுக்குத் திரும்பி வருவோம்னு அதுக்குப் புரியணும்."

அன்றுமுதல் ஷிப்ட் முடிந்ததும் தூங்காமல், கருவாட்டுத் துண்டோடு பூனையைக் காரில் வைத்து பிளாக்கைச் சுற்றி வந்தார்.

"எங்க கல்யாணத்துக்கு அப்புறம் என்னைக்கூட இப்படி ஊர் சுத்திக் காட்டுனதில்ல," என்று செண்பகவல்லி பக்கத்து வீட்டில் சொல்லிச் சிரித்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளும் ஏறிக்கொண்டாள். "பண்ருட்டி வரைக்கும் போய் பலாப்பழம் வாங்கிட்டு வரலாங்க."

"அந்த ரோடு வேணாம்."

"ஏன்?"

அவர் காரை ஓரமாக நிறுத்திவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் சொல்லத் தொடங்கினார்.